எதிர்ப்பக்கம் திறக்கிற டார்ச் லைட்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பரணைச் சுத்தம் செய்தோம். செய்தோம் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்காக. மனைவி செய்தாள், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து ஒரு கருப்புக் கம்பளி என் தலையில் வந்து விழுந்தது. அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஆட்டு வாடை, அதற்குள் லேத்தில் ஊற்றுகிற கூலண்ட் எண்ணெய் வாடை, அதற்கும் உள்ளே யாருடையது என்று பிரிக்க முடியாத பழைய வேர்வை. "எறிஞ்சிரவா?" என்று மேலிருந்து கேட்டாள். உதறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உதறும்போது உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தால் செம்புச் சுருள். முடியைவிடக் கொஞ்சம் தடிமன், கறுத்துப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன், அடியில் இன்னும் செம்பாகத்தான் இருந்தது.

இந்தக் கம்பளிக்குள் நானும் முனியசாமியும் எத்தனை மத்தியானங்கள் படுத்திருக்கிறோம் என்று உங்களுக்குச் சொன்னால் நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் செய்ததெல்லாம் தொழில்.

ராமநாதபுரத்தில் கேணிக்கரைப் பக்கம் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு லேத் பட்டறை வைத்திருந்தோம். முனியசாமிக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம், தினமும் பஸ்ஸில் வந்து போவான். கடைசல் வேலை அவன் பொறுப்பு. அளவு பார்ப்பது, ஆட்களிடம் பேசுவது, பேசிக் கெடுப்பது எல்லாம் என் பொறுப்பு. மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் கடலுக்குப் போகிற போட்டுக்காரர்கள் வருவார்கள். தண்ணீருக்குள் சுற்றிப் போட்டைத் தள்ளுகிற விசிறியை மாட்டுகிற ஷாப்ட், அதற்கு நட்டு, புஷ் என்று வேலை இருக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையேறி நிற்கும்போது நிற்க நேரமிருக்காது. மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவோம். போட்டுக்காரர்களுக்கு அளவு என்றால் நூல்தான், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "ஒரு நூல் கூடக்கொறைய இருந்தாலும் கடல் பாத்துக்கிரும்" என்பார்கள்.

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் பெங்களூர்க்காரர் ஒருவர் வந்தார். ராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு தீர்த்தமாட வந்தவர், தனுஷ்கோடியில் தன்னுடைய டார்ச் லைட்டைக் கீழே போட்டுவிட்டார். முகப்பு வளையம் நெளிந்துவிட்டது. கோயில் ஈரம் காயாத வேட்டியோடு பட்டறை வாசலில் நின்றுகொண்டு, இதே வளையம் செம்பில் வேண்டும், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்றார். முனியசாமி அதை ராக்கெட்டுக்குப் போகிற சாமான் என்று நினைத்துவிட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைந்து கொடுத்தான். அவர் அதை மாட்டிப் பார்த்து, கண் கலங்கி, படம் எடுத்து இன்டர்நெட்டில் எங்கேயோ போட்டார். மறுவாரத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வர ஆரம்பித்தது.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒரு டார்ச் வாங்குவார்கள். வாங்கிய கையோடு கழற்றுவார்கள். உள்ளே இருக்கும் விளக்கையும் சர்க்யூட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு நாலு மடங்கு வெளிச்சம் வருகிற மாதிரி வேறு வைப்பார்கள். அப்புறம் அது சூடாகிக் கையைச் சுடும். சூட்டை இழுக்க அலுமினியம் போதாது, செம்பில் உடம்பு வேண்டும், செம்பில் மூடி வேண்டும் என்று எங்களுக்கு எழுதுவார்கள். புனேக்காரர் ஒருவரிடம் மட்டும் நாற்பது டார்ச் இருந்தது. அவர் இருந்த அடுக்குமாடியில் கரண்ட் போனதே கிடையாதாம். அத்தனையையும் வைத்து என்ன செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்ப்பாராம். வெளிச்சத்தின் ஓரம் மஞ்சளாக இருக்கிறதா பச்சையாக இருக்கிறதா என்று இன்டர்நெட்டில் நண்பர்களோடு சண்டை போடுவாராம். எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டில் உட்கார்ந்து அந்தச் சண்டையைப் படித்துவிட்டு நான் யார் கட்சி என்று யோசித்திருக்கிறேன்.

கம்பளிக்கு வருகிறேன். மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் கூட வெளிச்சம் கசியக் கூடாது. அதைப் பார்க்க இருட்டு வேண்டும். கூரியர் வண்டி நாலு மணிக்குக் கிளம்பிவிடும், அதனால் மத்தியானமே இருட்டு வேண்டும். பட்டறைக்குத் தகரக் கூரை, ஆயிரம் ஓட்டை. சாயங்காலம் மண்டபம் கடற்கரையில் போய்ப் பார்க்கலாம் என்று ஒருமுறை போனோம். கடலைப் பார்த்து இரண்டு தரம் அடிப்பதற்குள், அந்தப் பக்கம் இலங்கையில் யாருக்குச் சைகை காட்டுகிறீர்கள் என்று விசாரிக்க ஆள் வந்துவிட்டது. வெள்ளைச் சுவர், பச்சை ஓரம் என்று நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. அதோடு கடற்கரையை விட்டுவிட்டு, ஆடு மேய்க்கிற கீதாரி ஒருவரிடம் இந்தக் கம்பளியை வாங்கினோம். கத்திரி வெயிலில், பன்னிரண்டு மணிக்கு, தகரக் கூரைக்கு அடியில், ஆட்டு ரோமக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு ஆம்பிளைகள் டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் எங்கள் தரப் பரிசோதனை.

பார்சல் போடப் போகிற கூரியர் ஆபீசில் காளீஸ்வரி இருந்தாள். நயினார்கோவில் பக்கத்துக் கிராமம். பில் எழுதும்போது உள்ளே என்ன என்று கேட்பாள், டார்ச் லைட் மூடி என்பான் முனியசாமி. ஒரு மூடியை இவ்வளவு பஞ்சு சுற்றிப் புனேக்கு அனுப்புகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று யோசித்து யோசித்தே அவளுக்கு அவன்மேல் பிரியம் வந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னாள். மூன்று பார்சலையும் ஒரே தடவையில் போடவேண்டிய இடத்தில் அவன் மூன்று தடவை போய் வர ஆரம்பித்ததை நான் கவனித்தேன். இரண்டு வீட்டிலும் பேச்சு எடுத்தார்கள். எல்லாம் பொருந்தி வந்தது, அவளைப் பெற்ற அய்யா காத்தமுத்து மட்டும் பிடி கொடுக்கவில்லை. மிளகாய் விவசாயம் செய்கிற சம்சாரி. பையன் என்ன வேலை செய்கிறான் என்று அவருக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறவில்லை. நேரில் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் வேண்டாம் என்றால் காளீஸ்வரி மீற மாட்டாள். அது முனியசாமிக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க அவன் சோறே தின்னவில்லை.

சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தவர் மத்தியான பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அவர் கண்ட காட்சியை அவர் வாயால் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். பட்டறை திறந்து கிடக்கிறது. லேத் சும்மா சுற்றுகிறது. ஆள் இல்லை. தரையில் ஒரு கருப்புக் கம்பளி, அதிலிருந்து நாலு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே மின்னல் வெட்டுகிற மாதிரி வெளிச்சம் விட்டு விட்டு அடிக்கிறது. அது அந்த டார்ச்சில் ஒரு வசதி. பெரியவர் சத்தம் காட்டாமல் ஒரு பழைய ஷாப்ட் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்திருக்கிறார். பீடி வாடை வந்து நான் தலையை நீட்டினேன். பக்கத்தில் முனியசாமி தலை வந்தது. தலையிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

"இதுல மாப்பிள்ளை யாரு?" என்றார்.

முனியசாமி கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். என் வாய் சும்மா இருக்காது. செம்பு, சூடு, கசிவு, புனே எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது எம்புட்டுத் தூரம் அடிக்கும் என்று கேட்டார். ஒரு கிலோமீட்டர் என்றேன் பெருமையாக.

"அங்கன என்ன இருக்கு?"

இன்றைக்கு வரைக்கும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய மூன்று கட்டை டார்ச்சை எடுத்தார். உள்ளே பேட்டரி பொங்கி, மூடி இறுகிப்போய், வருஷக்கணக்கில் திறக்கவில்லையாம். மிளகாய்க் களத்துக்குக் காவல் போக வெளிச்சம் இல்லாமல் இருக்கிறாராம். "ஊருக்கெல்லாம் செய்யிறீல்ல. இத எரிய வச்சுக் குடு. பொண்ணு விசயம் அப்பறம் பேசுவோம்" என்று முனியசாமியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எண்ணெய் விட்டு, தட்டித் திறந்து, மூன்று பேட்டரிக் கட்டை போட்டுக் கொடுத்தால் முடிந்துபோகிற வேலை. அதை முனியசாமியிடம் சொல்ல முடியுமா? அவன் அந்த டார்ச்சின் பின்பக்கத்தையே அறுத்து எடுத்துவிட்டான். செம்பில் புதுப் பின்பக்கம், செம்பில் மூடி, சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி, புனேக்காரர் சிபாரிசு செய்த விளக்கு. மூன்று நாள் வேலை. போட்டு வேலைகள் காத்துக் கிடந்தன. நடுநடுவே அவற்றையும் பார்த்தான். முடித்தபோது டார்ச் ஒரு முழுத் தேங்காய் கனம் இருந்தது. கம்பளிக்குள் வைத்துப் பார்த்தோம், ஒரு பொட்டுக் கசிவு இல்லை. காளீஸ்வரியிடம் கொடுத்தனுப்பினோம். இரண்டு நாள் கழித்து, "எங்கய்யா அதத் தலமாட்டுல வச்சுத்தான் தூங்குறாரு" என்று அவள் சொன்னதும் முனியசாமி இரண்டு தட்டு பிரியாணி தின்றான்.

அடுத்த வாரம் பெரியவர் மறுபடி வந்தார். முகம் சரியில்லை. டார்ச்சை லேத் மேல் வைத்தார். சார்ஜ் தீர்ந்துவிட்டது, பேட்டரியை எடுக்க மூடி திறக்க மாட்டேன் என்கிறது என்றார். தான் திருகியதையும், கொழுந்தியாள் மகன் திருகியதையும், டேங்கில் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் திருகியதையும், கடைசியில் டிராக்டர் டிரைவர் பைப் ரிஞ்சு போட்டுத் திருகியதையும் வரிசையாகச் சொன்னார். பழைய டார்ச்சாவது துரு பிடித்து இறுகியது, உங்கள் டார்ச் புதுசாகவே இறுகிவிட்டது என்றார். இதைக் கேட்கத்தான் ஊரில் எல்லோரும் காத்திருந்த மாதிரி சிரிக்கிறார்களாம்.

முனியசாமி டார்ச்சை எடுத்தான். மூன்று நாள் பூட்டிக் கழற்றிப் பழகிய கை தன்னால் ஒரு பக்கமாகத் திருகியது, மூடி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முனியசாமி மூடிக்குள் திருகு ஏறுகிற மரையைப் பார்த்தான். எனக்கும் காட்டினான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மரை இடது கையாக வெட்டியிருந்தது. உலகத்தில் எல்லா மூடியும் திறக்கிற பக்கம் திருகினால் இது இறுகும்.

நடந்தது இதுதான். சில போட்டு விசிறிகளுக்கு நட்டை இடது மரையாகத்தான் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் விசிறி சுற்றுகிற வேகத்தில் நட்டு கழன்று கடலோடு போய்விடும். அதற்கு லேத்தில் ஒரு லீவரை மாற்றிப் போடவேண்டும். அந்த வாரம் மண்டபம் போட்டு ஒன்றுக்கு நட்டு வெட்டிய முனியசாமி லீவரைத் திருப்பி வைக்கவில்லை. அப்படியே மாமனார் டார்ச்சை வெட்டிவிட்டான். லேத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். வெட்டும் உளி வழக்கத்துக்கு மாறாக எதிர்த் திசையில் நகர்ந்துகொண்டிருக்கும், குருடனுக்குக்கூடத் தெரியும். அவன் பெண் நினைப்பில் இருந்தான். பக்கத்தில் நின்று அளவு பார்த்த எனக்கு என்ன நினைப்பு என்று கேட்காதீர்கள்.

ஆனால் பேச வேண்டிய நேரத்தில் என் வாய் கைகொடுத்தது. "பெரியவரே, இது வேணுமின்னே வச்சது" என்றேன். "களத்துல கெடக்குற டார்ச்சுல பேட்டரியக் களவாண்டுட்டுப் போயிருவாங்கள்ல. எவன் திருகுனாலும் தெறக்காது. இது ஒரு பூட்டு." சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இதற்கு நாங்கள் தனியாக யோசித்ததாகவும், வெளியூர்க்காரர்கள் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்ததாகவும் இரண்டு வரி சேர்த்தேன். பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். காரியம் கைகூடிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் முனியசாமியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

நான் முனியசாமியின் காலை மிதித்தேன்.

அவன் காலை இழுத்துக்கொண்டான். "பூட்டும் இல்ல ஒண்ணும் இல்ல மாமா. போட்டு நட்டு வெட்டுனவன் லீவர மாத்த மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

ஒரு கல்யாணத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறேன், இந்தப் பயல் தட்டி விடுகிறான். மரை கழன்ற பயல் என்று மனதுக்குள் திட்டினேன். பெரியவர் மூடியை வாங்கி, டார்ச்சில் வைத்து, ஒரே சுற்றில் இறுக்கி மஞ்சள் பைக்குள் போட்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"நிச்சயத்துக்கு நாளு பாக்கச் சொல்றேன். வாரேன்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முனியசாமி அழுதான். அவன் அழுவதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. அப்படியே கம்பளியில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் பார்சல் போடப் போனபோது, அதற்குள் அய்யாவிடம் எல்லாம் கேட்டுவிட்டிருந்த காளீஸ்வரி என்னிடம், "அவரவிட நீங்கதான் ரொம்ப வேத்துருந்தீங்களாமே அண்ணே" என்று கேட்டுவிட்டு பில்லைக் கிழித்துக் கொடுத்தாள்.

அதே லீவர் போக்கில் வெட்டிய இருபது செம்பு டார்ச் உடம்பு மூடியோடு புனேக்குப் போயிருந்தது என்பது அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில்தான் முனியசாமிக்கு உறைத்தது. மறுநாள் அவன் சொல்லச் சொல்ல மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நான் பூட்டுக் கதையையே எழுதலாம் என்றேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பதில் வந்தது. இடது மரை அற்புதம், இனிமேல் அதுதான் வேண்டும் என்றார்கள். இடது மரையில் சூடு வேகமாக இறங்குகிறது என்று ஒருவர் அளந்து படம் போட்டிருந்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே மட்டும்தான் அப்படி என்று இன்னொருவர் மறுத்தார். அதற்கப்புறம் ஒழுங்கான மரையோடு ஒரு பெட்டி அனுப்பினோம். இது போலி, ராமநாதபுரத்தில் செய்தது இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நயினார்கோவிலில் கல்யாணம். பந்தியில் பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாங்க பூட்டுக்காரரே என்றார். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னார். அந்த மூடியை அவர் முதல் நாளே திறந்துவிட்டாராம்.

"நாப்பது வருசமா சைக்கிள் ஓட்டுறவன் நான். எடது பெடல் எதிர்ப்பக்கமாத்தான் கழலும்னு எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் வரலேன்னா மறுபக்கம் திருகிட்டுப் போறேன்."

அப்படியானால் ஏன் பஸ் ஏறி வந்தீர்கள் என்றேன். தப்பு என்று தெரிந்தால் பையன் என்ன சொல்லுவான் என்று பார்க்க வந்தாராம். அவன் உள்ளதைச் சொன்னான், பெண்ணைக் கொடுத்துவிட்டேன், நீங்கள் சொன்ன பூட்டையும் மறக்க மாட்டேன் என்றார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. செம்பு மென்மையான உலோகம், பைப் ரிஞ்சு பட்டால் பல் பதிந்துவிடும். அன்றைக்கு அந்த மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. பார்த்தேன், யோசிக்கவில்லை.

"அப்ப அந்த டிராக்டர் டிரைவரு?"

"அது நான் போட்ட பூட்டு" என்றவர், எனக்கு இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றச் சொன்னார்.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் நான் பூட்டுக்காரர்தான். தேவிபட்டினம் பஸ்ஸில் ஒருமுறை பெரியவர் ஆறு சீட்டுத் தள்ளி இருந்துகொண்டு அப்படிக் கூப்பிட்டதில், பக்கத்திலிருந்தவர் தன் பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்று என்னிடம் வந்து நின்றார். நான் கோபப்பட்டிருக்கவேண்டும். அவர் கூப்பிடாத நாளில்தான் எனக்கு என்னமோ போலிருந்தது.

பட்டறை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். புனேக்காரர் கட்சியினர் சண்டை போட்ட இன்டர்நெட் பக்கமும் ஒருநாள் திறக்காமல் போய், அப்படியே மறைந்துவிட்டது. செம்பு டார்ச் வெளிநாட்டிலிருந்தே அழகாக வருகிறதாம். முனியசாமி ஊரில் பம்பு செட்டு வேலை பார்க்கிறான். நான் ஓசூரில் கம்ப்யூட்டர் லேத்தின் முன்னால் நிற்கிறேன், அதில் மறப்பதற்கு லீவர் கிடையாது.

பெரியவர் போன தையில் தவறிவிட்டார். பதினாறாம் நாளுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, சுவரில் ஆணியில் அந்த டார்ச் தொங்குவதைப் பார்த்தேன். செம்பு கறுத்துக் கிடந்தது. உறவுக்காரப் பையன்கள் மூன்று பேர் அதை எடுத்தார்கள். அமுக்கினார்கள், எரியவில்லை. ஒருவன் மூடியைத் திருகினான். அடுத்தவன் துண்டைச் சுற்றித் திருகினான். மூன்றாமவன் முழங்காலுக்கு நடுவில் வைத்து மூச்சைப் பிடித்துத் திருகினான். மூன்று பேரும் ஒரே பக்கமாகத்தான் திருகினார்கள். வாசலில் நின்றதெல்லாம் மோட்டார் சைக்கிள், பெடல் வைத்த சைக்கிள் ஒன்றுகூட இல்லை. "துருப்பிடிச்சு இறுகிருச்சு" என்று சொல்லி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

நான் அன்றைக்குச் சொன்ன பொய் பதினோரு வருஷம் கழித்து உண்மையாகிவிட்டது. எவன் திருகினாலும் திறக்காத பூட்டு. முற்றத்தின் அந்தப் பக்கம் முனியசாமி என்னைப் பார்த்தான். திறந்து காட்ட அவனும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக் கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் சொல்லத் திரும்பிவிட்டேன். அப்புறம்தான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.